குங்குமம் வைத்த பத்து திர்ஹாம்

துபாயில் மழை என்றால் திருவிழாதான். ஆளாளுக்கு ஜன்னலுக்கு ஓடுவார்கள், போனைத் தூக்கிப் படம் எடுப்பார்கள், ஊருக்கு அனுப்பிப் பெருமையடித்துக்கொள்வார்கள். ஆனால் அந்த வியாழக்கிழமை சாயங்காலம் டெய்ராவில், குடையில்லாமல், புதுச் செருப்போடு மாட்டிக்கொண்ட தாரிணிக்கு மட்டும் மழையைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

சாத்திய கதவோடு நின்ற ஒரு சலூன் வாசலில், சின்னச் சார்ப்புக்குக் கீழே ஒண்டிக்கொண்டு, தோழி பத்மாவிடம் போனில் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

“காலையிலேர்ந்து சுத்தறேன்டி! இந்த ஊர்ல இத்தனை நாட்டு ஆப்பிரிக்கக்காரங்க இருக்காங்க... அவங்க பாட்டு, டான்ஸ், ஓவியம் எல்லாம் எங்கதான் நடக்குது? ஒரு போஸ்டர் கிடையாது, ஒரு நோட்டீஸ் கிடையாது. ஸ்ரீனிவாசன் சார் என்னடான்னா நாளைக்கே எழுதிக் குடுங்கறார்...”

ஸ்ரீனிவாசன் அவளுடைய எடிட்டர். வாரக் கடைசியில் எங்கே போகலாம், எதைப் பார்க்கலாம் என்று துபாய்க்காரர்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லும் இணையப் பத்திரிகை அவர்களுடையது. எத்தனை நாளைக்குத்தான் ஹோட்டல் விருந்தையும் ஷாப்பிங் மால்களையும் எழுதிக்கொண்டிருப்பது? இந்த நகரத்துக் கறுப்பின மக்களின் கலை, இசை, கூடுகைகள் பற்றி ஒரு பக்கம் தொடங்கலாமே என்று மீட்டிங்கில் வாயைக் கொடுத்தவள் தாரிணிதான். இப்போது விழி பிதுங்கி நின்றாள்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆள் மழையிலிருந்து பாய்ந்து வந்து சார்ப்புக்குள் நுழைந்தான். கையில் நீளமான கறுப்புப் பெட்டி. தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பினான் பாருங்கள்... தாரிணியின் முகமெல்லாம் தண்ணீர்!

அவள் முறைத்தாள். அவன் பெட்டியைத் துடைப்பதிலேயே குறியாக இருந்தான்.

“பத்மா, பக்கத்துல ஒருத்தன் வந்து நிக்கறான்டி. ஒட்டடைக்குச்சி உயரம்! என்னைக் குளிப்பாட்டிட்டு ஒரு சாரிகூடச் சொல்லாம பெட்டியைக் கொஞ்சிட்டு இருக்கான். ஆனா கண்ணு இருக்கே... ஐயோ! ஆம்பளைக்கு எதுக்குடி இவ்வளவு பெரிய இமை? எனக்குக் குடுத்திருந்தா மஸ்காரா செலவாவது மிச்சமாயிருக்கும்.”

அவன் மெதுவாக நிமிர்ந்தான்.

“சாரிங்க அம்மிணி. தண்ணி தெறிச்சதைப் பார்க்கலீங்க.” பளிச்சென்ற கோயம்புத்தூர்த் தமிழ்! “ஒட்டடைக்குச்சிங்கறது சரிதானுங்க, ஹாஸ்டல்ல நாலு வருஷமா அதான் என்ற பேரு. ஆனா இமையை மட்டும் தர முடியாதுங்க... எங்கம்மா வைவாங்க.”

தாரிணியின் கையிலிருந்த போன் நழுவிச் செருப்பின் மேல் விழுந்தது. “ஏய், என்னடி ஆச்சு?” என்று பத்மா காலடியிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள்.

“நீங்க... தமிழ்...?”

“தான்சானியாங்க. டாங்கான்னு கடற்கரை ஊரு. இன்ஜினியரிங் படிச்சது கோயமுத்தூர்ல. என்ற பேரு பராகா. இங்க ஏசி கம்பெனியில இன்ஜினியர்.” பெட்டியைத் தட்டிக் காட்டினான். “இது வயலினுங்க. உங்களை நனையவிட்டது தப்புத்தான்... இது நனைஞ்சிருந்தா நான் அழுதிருப்பேனுங்க.”

வெட்கத்தில் அவளுக்குக் காது மடல் சுட்டது. சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துத் தொலைத்தாள். அவனும் சிரித்தான். அந்தக் கண்கள் சிரிக்கும்போது இன்னும் மோசம்... மழை சற்று நின்றாலும் குற்றமில்லை, நிற்காவிட்டாலும் குற்றமில்லை என்று தோன்றியது.

காலையிலிருந்து தான் தேடி அலைந்த கதையைச் சொன்னாள். அவன் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “எங்க ஆளுங்க போஸ்டர் ஒட்ட மாட்டாங்கங்க. எல்லாம் வாய்வழிச் சேதிதான். முடி பின்ற கடையில கேட்கோணும், சாப்பாட்டுக் கடையில கேட்கோணும்” என்றான். பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவை மூன்று தட்டுத் தட்டினான். “நீங்க ஒண்டியிருக்கறதே அந்த வாசல்லதானுங்களே!”

கதவு திறந்தது. வெளிச்சமும் தேங்காயெண்ணெய் வாசமும் பெண்கள் கூட்டத்தின் சிரிப்பும் ஒன்றாக வெளியே வந்தன. சலூனின் சொந்தக்காரி ஆமிரா, சான்சிபார்க்காரி, வாசலை நிறைத்துக்கொண்டு நின்றாள். வாரமெல்லாம் முடி பின்னுவாள், விடுமுறை நாளில் மேடையேறிப் பாடுவாள். தாரிணியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். “இந்த முடியை யார் இப்படி வெட்டியது?” என்று ஆங்கிலத்தில் அதட்டி, நாற்காலியில் உட்கார வைத்தாள். சீப்பு ஏறி இறங்கும் நேரத்துக்குள், நாள் முழுக்க அலைந்தும் கிடைக்காத சேதியெல்லாம் தாரிணியின் மடியில் வந்து கொட்டியது. அல்கூஸ் பகுதிக் கிடங்கு ஒன்றில் எத்தியோப்பியக்காரி ஒருத்தியின் ஓவியங்கள்... கானாக்காரர்கள் பூங்காவில் சொல்லித்தரும் மேளம்... சூடானியர் கவிதை படிக்கும் காபிக் கடை... இவ்வளவும் இந்த ஊரில்தான் நடந்துகொண்டிருந்ததா! பிறந்ததிலிருந்து இங்கேயே இருந்தும் நாம் எந்தத் துபாயைப் பார்த்தோம் என்று அவளுக்கே அவள்மேல் கோபம் வந்தது.

அதற்கப்புறம் அந்த ஒரு மாதம் எப்படிப் போனது என்று கேட்டால் தாரிணிக்குச் சொல்லத் தெரியாது. எங்கே எது நடந்தாலும் பராகாவிடமிருந்து சேதி வரும். “மேளம் அடிக்க வர்றீங்களா, இல்ல நான் அடிக்கறதைப் பார்த்துச் சிரிக்க வர்றீங்களா?” இவள் போவாள். கானாக்காரரிடம் மேளம் அடித்து உள்ளங்கை சிவந்தது. ஓவியக் கண்காட்சியில் ஒரு நீலப் படத்துக்கு முன்னால் இருவரும் பேச மறந்து நின்றார்கள். திரும்பும்போதெல்லாம் ஏலக்காய் மணக்கும் கரக் டீ. “கோயமுத்தூர் டீக்கு இது கால் தூசி பெறாதுங்க” என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் ரெண்டாவது டீ வாங்குவான்.

பிடித்திருந்தது. சும்மா மழுப்ப வேண்டாம், ரொம்பவே பிடித்திருந்தது. ஆனால் யார் முதலில் வாயைத் திறப்பது?

மாதக் கடைசிச் சனிக்கிழமை, ஆமிராவின் பாட்டு. டெய்ராவில் ஓர் உணவகத்தின் மாடியில் கூடம் நிறைய ஜனம். தாரப் என்று அந்தப் பாட்டுக்குப் பெயர். சான்சிபார், டாங்கா, மொம்பாசாக் கடற்கரையின் பாட்டு. அடுக்கு அடுக்காய் வயலின்கள் எழும்ப, நடுவில் ஆமிராவின் குரல் நிதானமாக அலைபோல் வந்து அடித்தது. மொழி தெரியாது. தெரியாவிட்டால் என்ன... பராகாவின் வில் இழுபட இழுபடத் தாரிணியின் நெஞ்சும் கூடவே போய் வந்துகொண்டிருந்தது.

திடீரென்று கூட்டத்தில் ஒரு பெண்மணி எழுந்து, ஆடிக்கொண்டே மேடைக்குப் போய் ஆமிராவின் கையில் ஒரு நோட்டை வைத்துவிட்டு வந்தாள். இன்னொருத்தியும் போனாள். தாரிணிக்கு ஒரே குஷி. இது தெரியாதா நமக்கு! ஊர்க் கோயில் திருவிழாக் கச்சேரியில் அப்பா மேடையேறி நோட்டு கொடுப்பதும், ‘சிவசங்கரன் குடும்பத்தார் அன்பளிப்பு’ என்று மைக்கில் சொல்வதும் லீவுக்குப் போகும்போதெல்லாம் பார்த்ததுதானே!

பர்ஸைத் திறந்தாள். கார்டுகளும் ஒரே ஒரு பத்து திர்ஹாம் நோட்டும் இருந்தன. சித்திரை ஒன்றாம் தேதி சாமி படத்துக்கு முன் வைத்து, மூலையில் குங்குமம் தொட்டு, ‘செலவழிச்சுடாதே’ என்று அம்மா கொடுத்தது. கலைக்குக் கொடுத்தால் சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது என்று எழுந்தாள். பாட்டு ஓர் இடத்தில் கனிந்து கனிந்து இறங்கிய நேரமாகப் பார்த்து, போய்க் கொடுத்தாள்.

ஆமிரா நோட்டை வாங்கினாள். கையை விடவில்லை. தாரிணியை அப்படியே திருப்பி, பராகாவுக்கு நேரே நிறுத்தி, அதே அடியை மறுபடி பாடினாள். மறுபடியும்! கூடமே எழுந்து குலவையிட்டது. ஆமாம், நம்ம மதுரைப் பக்கத்துக் குலவையேதான்! பராகாவின் வில் தவறி ஒரு கீச்சென்ற சத்தம் வந்தது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நம்ம அன்பளிப்புக்கு இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போய் வந்து உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னாள்.

“எதற்கு வாழ்த்து?”

“தெரியாதா உனக்கு? தாரப்பில் நீ எந்த அடிக்கு எழுந்து போய்க் கொடுக்கிறாயோ, அந்த அடி நீ சொன்ன சொல். பாடகி உனக்காக அதை ஊரறியச் சொல்வாள்.”

“நான் கொடுத்த அடி...?”

“‘இவன் என்னுடையவன், பொறுக்காதவர்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்’ என்று வரும் அடி.”

தாரிணி தலையில் கைவைத்துக்கொண்டாள். பாட்டு முடிந்ததும் மாடிப்படியில் பராகா வந்து நின்றான்.

“தெரியாமத்தானுங்க குடுத்தீங்க?”

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றாலும் பொய். “தெரியாமத்தான்...” என்றாள்.

“அதானே பார்த்தேன்” என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு கண்வரை ஏறவில்லை. அதைத் தாரிணி பார்த்தாள். பார்த்தும் பேசாமல் டாக்ஸி ஏறினாள், மக்கு!

மக்குத்தனம் அதோடு நின்றதா? ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீனிவாசன் சிரிக்கிற மாதிரி ஒரு கட்டுரை கேட்டார். தாரிணி நடந்ததை அப்படியே எழுதினாள். மேடையேறி, தெரியாமல் ஒரு வயலின்காரருக்கு ஊரறியக் காதல் சொல்லிவிட்டேன் என்று எழுதினாள். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது. கராமாவில் அவர்கள் கட்டிடத்தில் மாடிக்கு மாடி தமிழ்க் குடும்பம். எல்லோரும் படிப்பார்கள். அப்பா படிப்பார். ‘நல்லவேளை, எல்லாம் தெரியாமல் நடந்ததுதான்!’ என்று முடித்துவிட்டாள்.

கட்டுரை காட்டுத்தீயாய்ப் பரவியது. பராகாவிடமிருந்து மட்டும் சேதியே இல்லை. பொறுக்க முடியாமல் அவளே கூப்பிட்டாள்.

“கோவமா?”

“தெரியாம நோட்டு குடுத்ததுல கோவமில்லீங்க.” குரலில் வழக்கமான லொள்ளு இல்லை. “என்ற ஆளுங்க கேலி பண்றாங்க, அதுகூடப் பரவாயில்ல. ஆனா ‘நல்லவேளை’ன்னு எழுதினீங்களே... அது எதுக்குங்க? ஒரு கறுப்பன் பேரோட உங்க பேரு சேராமத் தப்பிச்சுட்டீங்களே, அந்த நல்லவேளையா?”

“ஐயோ, இல்ல...” என்றாள். ஆனால் அந்த வரியை எழுதும்போது மனசுக்குள் யாருக்குப் பயந்தாள் என்பது அவளுக்குத் தெரியும்.

“என்னை மஸ்கட்டுக்கு மாத்திட்டாங்க. வர்ற சனிக்கிழமை வாசிப்புத்தான் இங்க கடைசி. உடம்பைப் பார்த்துக்கோங்க.”

அவ்வளவுதான். அம்மிணி என்றுகூடச் சொல்லவில்லை.

ரெண்டு நாள் தாரிணி சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா பானுமதி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

“செலவழிக்காதேன்னு குங்குமம் வெச்சுக் குடுத்த நோட்டை யார்கிட்டடி தூக்கிக் குடுத்த?”

தாரிணி நிமிர்ந்து பார்த்தாள். “படிச்சியா...?”

“மூணாவது மாடி ஜெயமணியே அனுப்பிட்டா, நான் படிக்க மாட்டேனா? கடைசி வரி வரைக்கும் நல்லா எழுதியிருக்க. கடைசி வரிதான் பொய்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ஒரு மாசமா பாத்ரூம்ல பாடிட்டு இருந்தவ இப்ப ரெண்டு நாளா ஊமையா இருக்கியே, எனக்குத் தெரியாதா?” கத்தியைக் கீழே வைத்தாள். “பையன் எப்படி?”

தாரிணி உடைந்துவிட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். கோயம்புத்தூர்த் தமிழ், இமை, டீ, நீலப் படம், ‘நல்லவேளை’, எல்லாம்... “உனக்கும் அப்பாவுக்கும் பயந்துதாம்மா எழுதினேன். அவரை எவ்வளவு கேவலப்படுத்திட்டேன்னு அப்ப உறைக்கவே இல்ல.”

பானுமதி நறுக்கிய முருங்கைக்காயைப் பாத்திரத்தில் அள்ளிப் போட்டாள். உடனே ஆகட்டும் என்று சொல்ல அவளுக்கும் மனசு வரவில்லைதான். தெரியாத நாடு, தெரியாத ஜனம், நாலு பேர் பேச்சு... பெற்றவளுக்கு அந்தக் கலக்கம் இருக்காதா? ஆனால் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

“உங்கப்பா குதிப்பார். குதிச்சு முடிக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம். எனக்குப் பயந்துன்னு மட்டும் இன்னொரு தடவை சொல்லாதே. ஒருத்தரை நோகடிச்சுட்டு எம் பேரைச் சொன்னா நான் என்ன பாவி? நாலு பேருக்கு முன்னால எழுதினதை நாலு பேருக்கு முன்னாலயே சரிபண்ணு. போ, முகத்தைக் கழுவு. சனிக்கிழமை நானும் வரேன்.”

சனிக்கிழமை. அதே கூடம். அம்மா காஞ்சிப்பட்டில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். பராகா மேடையில் இருந்தான். தாரிணியைப் பார்த்தான், உடனே வயலினுக்குக் குனிந்துகொண்டான். அந்த இமைகள் எழவேயில்லை.

ஒவ்வொரு பாட்டாகப் போனது. அந்தப் பாட்டு வரவில்லை. பாடாமலே முடித்துவிடுவாளோ ஆமிரா? தாரிணி கையிலிருந்த புதுப் பத்து திர்ஹாம் நோட்டை மடித்து மடித்துப் பிரித்தாள். கடைசிப் பாட்டு என்று அறிவித்தார்கள். வயலின்கள் எழும்பின... அதே மெட்டு!

கனிந்து இறங்கும் அந்த இடம் வரும்வரை காத்திருந்தாள். வந்தது. எழுந்தாள். கூடம் முழுக்க அவளை அடையாளம் கண்டு கிசுகிசுத்தது. மேடைக்குப் போய் நோட்டை நீட்டினாள்.

ஆமிரா வாங்கவில்லை. பாட்டை நிறுத்தினாள். வயலின்களும் ஒவ்வொன்றாக நின்றன.

“இன்றைக்கும் தெரியாமலா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு மைக்கை நீட்டினாள்.

என்னென்னவோ ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்திருந்தாள் தாரிணி. ஒரு வார்த்தை வரவில்லை. தமிழ்தான் வந்தது.

“தெரிஞ்சுதான் குடுக்கறேன். அன்னிக்குக் குடுத்தப்ப பாட்டோட அர்த்தம்தான் தெரியாது... மனசுல இருந்தது எனக்குத் தெரியும். நாலு பேருக்குப் பயந்துகிட்டு ‘நல்லவேளை’ன்னு எழுதினேன், தப்பு. உங்களை நோகடிச்சுட்டேன், மன்னிச்சுடுங்க. நாளைக்கு அதே பத்திரிகையில இதையும் எழுதுவேன்.” மைக்கை இன்னும் நெருக்கிப் பிடித்தாள். “அன்னிக்கு டெய்ராவுல மழை பெஞ்சுதே... அதாங்க நிஜமான நல்லவேளை. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு பராகா. ரொம்பப் பிடிச்சிருக்கு.”

கூடம் நிறைந்த ஜனத்தில் அந்தத் தமிழ் புரிந்தது ரெண்டே பேருக்கு. ஒருத்தி முன்வரிசையில் பட்டுப்புடவையின் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருவன் வயலினை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தான்.

தாரப் கச்சேரியில் வாசிக்கிறவர் தானே எழுந்துவந்து நோட்டு கொடுப்பதை அங்கே யாரும் பார்த்ததில்லை. பராகா வந்தான். சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு பத்து திர்ஹாமை எடுத்து ஆமிராவிடம் நீட்டி, “அதே அடி... எனக்காக” என்றான்.

நோட்டின் மூலையில் குங்குமம்!

“இது... என் நோட்டு!”

“அன்னைக்கே ஆமிரா அக்காகிட்ட மாத்தி வாங்கி வெச்சுக்கிட்டேனுங்க. தெரியாமக் குடுத்திருந்தாலும் நீங்க குடுத்ததாச்சே... உட்டுர மனசு வரலீங்க.” இமை நிமிர்ந்தது. கண் முழுக்கச் சிரிப்பும் தண்ணீரும். “எனக்கும் உங்களைப் புடிச்சிருக்குதுங்க அம்மிணி. முதல் நாளு ஒட்டடைக்குச்சின்னு சொன்னப்பவே!”

“மஸ்கட்...?”

“அங்கிருந்து இங்க தினமும் பஸ் இருக்குதுங்க!”

மொழி புரியாவிட்டாலும் குங்குமத்தையும் கண்ணீரையும் பார்த்தாலே போதாதா? ஆமிரா அந்த அடியை எடுத்தாள். கூடமே குலவையிட்டது. அத்தனை குலவைக்கும் மேலே, முன்வரிசையிலிருந்து மதுரைக் குலவை ஒன்று எழுந்து ஓங்கி ஒலித்தது. ஆப்பிரிக்கப் பெண்கள் எல்லோரும் திரும்பி, யார் இந்த அக்கா என்று வாய் பிளந்து பார்த்தார்கள்.

ஆமிரா சிரித்துக்கொண்டே குங்கும நோட்டை மட்டும் பராகாவின் கையிலேயே திணித்தாள். அவன் நேரே பானுமதியிடம் போய், இரண்டு கையாலும் அதை நீட்டினான்.

“அம்மா, இது உங்க நோட்டுங்க.”

பானுமதி அவனை அண்ணாந்து பார்த்தாள். ரொம்பத்தான் உயரம். நோட்டைத் தொடவில்லை.

“இங்க வெச்செல்லாம் வாங்க மாட்டேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாப்பா. இவ அப்பா இருப்பார். அவர் முன்னால குடு, வாங்கிக்கறேன்.”